திருத்தம்

எங்கள் பல்கலைக்கழகம்
முன்பு ஒரு தேயிலைக் கிடங்கு.
மழை பிடித்துக்கொண்டால்
செய்தி எழுதும் வகுப்பில் இன்னும் தூள் வாசம் எழும்.
இதழியலுக்கு நாங்கள் ஏழு பேர்.
எட்டாவது ஒருத்தி ஜூலையில் சேர்ந்து
ஆகஸ்ட் குளிருக்கு ஈரோடே போய்விட்டாள்.
கட்டிய பணம் திரும்பவில்லை.
இதைச் செய்தியாக்கலாமா என்றான் போஜன்.
ஷைனி மேடம் எழுந்துபோய் சன்னலைச் சாத்தினார்.

மாதம் ஒருமுறை ‘முகடு’ வரும்.
நான்கு பக்கம், இருநூறு பிரதி.
நூறு கோயம்புத்தூர் அலுவலகத்துக்கு,
சேர்க்கைக்கு வரும் பெற்றோரிடம் காட்ட.
மிச்சம் கேண்டீன் மேசையில் கிடக்கும்.
ஈரம் அதிகமானால் வாசலில்
செருப்புக்கு அடியில் கிடக்கும்.

நவம்பரில் மண் சரிந்தது.
கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனைக்கு இறங்கும் சாலையில்
பஸ் நின்றுபோன இடத்திலிருந்து நடந்தேன்,
ஒன்பதாம் நம்பர் பாடிக்கு.
தாராபுரத்தில் வாங்கிய செருப்பு
இரண்டாம் வளைவிலேயே சேற்றோடு போயிற்று.
யார் என்ன எப்போது எங்கே ஏன் எப்படி
உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தேன்.
ஆறும் ஒரே நீலமாகிவிட்டன.

ஒரு சமையலறைச் சுவர். அதன் அடியில் ஒரு பெண்.
குடைக்குள் நின்று வி.ஏ.ஓ. காகிதம் பார்த்துச் சொன்னார்:
யோகலட்சுமி, நாற்பத்தைந்து, தோட்டத் தொழிலாளி.
எழுதிக்கொண்டேன்.
சரிவில் ஒரு குக்கர், மூடி கழலாமல்,
உள்ளே வெந்த பருப்போடு கிடந்தது.
அதையும் எழுதிக்கொண்டேன்.
அதுவே என் முதல் வரி.
வகுப்பில் வாசித்துக் காட்டினார்கள்.
முதல் பக்கம், போட்டோவோடு,
தடித்த எழுத்தில் என் பெயர்.

கேண்டீனில் டீ போடும் தவராணி
பதினாறு நாள் வரவில்லை.
மெஷின் காப்பி வாய்க்கு விளங்கவில்லை என்று
ஏழு பேரும் குறைபட்டுக்கொண்டோம்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
கேள்வி கேட்கத்தான் படிக்க வந்திருந்தோம்.

வந்தாள். டீ ஆற்றினாள்.
மறுநாள் மேசை துடைக்கிற துணியோடு என்னருகில் நின்று
மெதுவாகச் சொன்னாள்:
“எங்கம்மா பேரு யோகமலர்க்கா.
யோகலட்சுமி எங்க சித்தி.
சித்தி உசுரோட இருக்காங்க.
நிவாரணத்துக்குப் பேப்பர் கட்டிங் கேட்டாங்க.
மத்த பேப்பர்ல எல்லாம் பெண் பலின்னு ரெண்டு வரி.
உங்களுதுலதான் பேரு இருந்துச்சு.
இது யாருங்கறாரு கிளார்க்கு.
வயசு ஐம்பத்தொண்ணு, அது போவுது.”
பிறகு, போகிறவள் திரும்பி,
“அந்தக் குக்கர் எங்களுது இல்லக்கா.
பக்கத்து வீட்டுது.”

நூற்றுப் பன்னிரண்டு நாள் அவள் கையால் குடித்திருக்கிறேன்.
பதினோரு கிலோமீட்டர் போய்
குடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன்.

திருத்தம் போட்டால் ஆய்வுக்குழு கண்ணில் படும்
என்றது நிர்வாகம்.
இரண்டு நாள் பேச்சு நடந்தது.
மேடம் உள்ளே போய் என்ன பேசினாரோ,
மூன்றாம் பக்கம், சேர்க்கை விளம்பரத்துக்குக் கீழே
நாலு வரிக்கு இடம் கிடைத்தது.
அந்த நாலு வரியை மூன்று இரவு எழுதினேன்.

*சென்ற இதழில் வெளியான செய்தியில்*
*மண்சரிவில் உயிரிழந்தவர் பெயர் யோகமலர் (51)*
*என்றிருக்க வேண்டும்.*
*தவறுக்கு வருந்துகிறோம்.*

ஐந்தாவதாகக் குக்கர் பற்றி ஒரு வரி இருந்தது.
இடமில்லை என்று மேடம் அடித்தார்.
இடம் இருந்தது. நான் அளந்து பார்த்தேன்.

தவராணியிடம் ஒரு பிரதி கொடுத்தேன்.
உதடசைய ஒருமுறை படித்தாள்.
எட்டாக மடித்து
சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.
அதற்குள் பால் பொங்கிவிட்டது.
ஓடிப்போய் இறக்கினாள்.

டீ பன்னிரண்டு ரூபாய்.
இருபதாக நீட்டினேன்.
“சில்லறையா இல்லியாக்கா?” என்றாள்.
பையெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன்.
பின்னால் வரிசை நின்றது.